இரண்டு கிளினிக்குகளுக்கு ஒரே மென்பொருள்: எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது, எந்த அளவுக்கு மாற்றியமைப்பது?

ஜெலுத்தோங் டாக்டர்:

அன்பர்களுக்கு வணக்கம். பினாங்குத் தீவில் ஜெலுத்தோங்கிலும் அக்கரையில் பட்டர்வொர்த்திலுமாக இரண்டு பொது மருத்துவக் கிளினிக்குகளை நானும் என் பங்குதாரரும் நடத்தி வருகிறோம். ஜெலுத்தோங்கிற்கு வருபவர்களில் பெரும்பாலோர் கையிலிருந்து பணம் செலுத்தும் குடும்பங்கள்; இரத்த அழுத்தம், நீரிழிவு என்று மாதந்தோறும் வரும் முதியவர்கள் அதிகம். பட்டர்வொர்த் கிளினிக்கோ பிறை தொழிற்பேட்டையை நம்பியிருப்பது. அங்கே காத்திருப்பவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் ஏதாவது ஒரு நிறுவனத்தின் பேனல் நோயாளிகள் (சிகிச்சைச் செலவை வேலை தரும் நிறுவனம் ஏற்பவர்கள்), அவர்களில் வெளிநாட்டுத் தொழிலாளர்களும் கணிசமாக உண்டு.

இப்போதுள்ள மென்பொருள் மிகப் பழையது. ரசீதும் மருந்து லேபிளும் அடிப்பதற்கு மட்டுமே அது பயன்படுகிறது; நோய்க்குறிப்புகள் இன்னும் அட்டைகளில்தான் இருக்கின்றன. அதை எழுதியவர் தொழிலையே விட்டுவிட்டார் என்பதால், கணினி பழுதானால் சரிசெய்ய ஆளில்லை. புதிதாக வாங்குவதற்கு மூன்று வழிகளைப் பார்த்து வைத்திருக்கிறோம். மாதச் சந்தா கட்டி இணையம் வழியாகப் பயன்படுத்தும் உள்ளூர் மென்பொருள் ஒன்று. கிளினிக்கிலேயே சர்வர் வைத்து, நாம் கேட்கும்படியெல்லாம் மாற்றித் தருவதாகச் சொல்லும் இன்னொரு நிறுவனம் இரண்டாவது. மூன்றாவதாக, உறவினர் ஒருவரின் மகன், கணினித் துறையில் இருப்பவர், ஓப்பன்இஎம்ஆர் என்ற திறமூல மென்பொருளை இறக்கி நமக்கேற்றபடி மாற்றித் தருகிறேன் என்கிறார்.

மூவரும் செயல்விளக்கம் காட்டினார்கள். மருத்துவரின் திரை மூன்றிலுமே அழகாகத்தான் இருந்தது. இரத்த அழுத்தம் வரைபடமாக ஏறி இறங்குவதைப் பார்த்தபோது என் பங்குதாரருக்கு அங்கேயே கையெழுத்திட்டுவிட வேண்டும் என்று தோன்றியது. எனக்குத்தான் எதை வைத்து எடைபோடுவது என்று தெரியவில்லை. தேர்வில் எதற்கு முதலிடம் தர வேண்டும், எவற்றை நம் வசதிக்கேற்ப மாற்றச் சொல்லலாம், எவற்றைத் தொடாமல் விடுவது நல்லது என்று இத்துறையில் பழகியவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

மருந்து மேசை, செந்தூல்:

வணக்கம் டாக்டர். நான் மருத்துவர் அல்லள். கோலாலம்பூரில் சில கிளைகள் கொண்ட ஒரு கிளினிக்கின் நிர்வாகத்தைக் கவனிக்கிறேன், அதற்கு முன்பு மருந்து கொடுக்கும் இடத்திலேயே பல ஆண்டுகள் நின்றிருக்கிறேன். மூவரும் உங்களுக்கு மருத்துவரின் திரையைக் காட்டினார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். விற்பவர்கள் அதைத்தான் காட்டுவார்கள், ஏனென்றால் காசோலையில் கையெழுத்திடுபவர் அந்தத் திரைக்கு முன்னால்தான் உட்காருவார். ஆனால் நம் நாட்டில் ஒரு கிளினிக் மென்பொருள் தேறுமா, தேறாதா என்பது மருந்து கொடுக்கும் சாளரத்தில்தான் முடிவாகிறது. மேல்நாடுகள் பலவற்றில் மருத்துவர் மருந்துச்சீட்டை எழுதியதும் நோயாளி வெளியே ஒரு மருந்தகத்துக்குப் போய்விடுவார். இங்கே நோயைப் பார்த்த கிளினிக்கே மருந்தையும் கொடுக்கிறது. ஆகவே அங்கே மருந்துச்சீட்டோடு முடிந்துபோகும் வேலை, இங்கே கையிருப்பு, லேபிள், விலை, பேனல் கோரிக்கை என்று இன்னும் வெகுதூரம் நீள்கிறது.

அடுத்த முறை செயல்விளக்கத்துக்கு வருபவரை உங்கள் மருந்து கொடுக்கும் பணியாளருக்குப் பக்கத்தில் உட்கார வையுங்கள். 1000 மாத்திரைகள் கொண்ட டப்பாவாக வாங்கிய பாராசிட்டமாலை 20 மாத்திரைகளாகப் பிரித்துக் கொடுக்கும்போதும், பெரிய கலனில் வந்த இருமல் மருந்தை 60 மில்லி, 120 மில்லி குப்பிகளில் ஊற்றிக் கொடுக்கும்போதும் கையிருப்பு சரியாகக் குறைகிறதா என்று பாருங்கள். ஒரே மருந்து இரண்டு காலாவதித் தேதிகளில் இருந்தால் எதை முதலில் எடுக்கச் சொல்கிறது என்று கேளுங்கள். பிறகு நாள்தோறும் நடக்கும் ஒன்றை நடத்திக் காட்டச் சொல்லுங்கள்: லேபிள் எல்லாம் அடித்து, பையில் போட்டு, ரசீதும் எடுத்த பிறகு, நோயாளி சாளரத்தில் நின்று, "இந்த மாத்திரை வீட்டில் நிறைய இருக்கிறது, வேண்டாம்" என்கிறார். அந்த ஒரு மருந்தை எடுத்துவிட்டால் கையிருப்பு, ரசீது, மருத்துவரின் குறிப்பு ஆகிய மூன்றும் ஒன்றாகத் திருந்த வேண்டும். பாதி மென்பொருள்கள் இந்த இடத்தில் தடுமாறி, ரசீதை முழுவதுமாக ரத்துசெய்துவிட்டு மறுபடி தொடங்கச் சொல்லும். திங்கட்கிழமைக் காலையில் முப்பது பேர் காத்திருக்கும்போது இதைச் செய்து பார்த்தவர்களுக்குத்தான் அந்த வேதனை புரியும்.

சட்டம் கேட்கும் பதிவுகளும் மருந்துப் பகுதியிலேயே குவிகின்றன. டயாசெபம் போன்ற மனநிலை பாதிக்கும் மருந்துகளுக்குத் தனிப் பதிவேடு தேவை. 2025 மே 1 முதல் தனியார் கிளினிக்குகளும் மருந்தகங்களும் மருந்து விலைகளை நோயாளிகளின் பார்வைக்கு வைக்க வேண்டும் என்று ஆணை வந்துவிட்டதால், விலை மாறிய அன்றே பட்டியலைப் புதிதாக அச்சிட முடிகிறதா என்பதும் முக்கியம். கையால் தட்டச்சு செய்த பட்டியல் ஒரு விலையும், ரசீது வேறொரு விலையும் காட்டினால், சாளரத்தில் நிற்கும் பெண்தான் ஏச்சு வாங்குவாள்.

பேனலைப் பொறுத்தவரை, பட்டர்வொர்த்தில் உங்களுக்கு உண்மையான செலவு அங்கேதான். ஒவ்வொரு பேனல் நிர்வாக நிறுவனத்துக்கும் தனி இணையவாசல், தனி மருந்து விலை, ஒரு வருகைக்கு இவ்வளவு என்ற தனி வரம்பு. வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கான போமேமா மருத்துவப் பரிசோதனைக்கும், குறைந்த வருமானத்தினருக்கான அரசின் பெகா பி40 சுகாதாரத் திட்டத்துக்கும் அவற்றுக்குரிய இணையவாசல்கள் வேறு. நோயாளியின் பெயரையும் நோயையும் மருந்தையும் உங்கள் மென்பொருளில் ஒருமுறை, அவர்களுடைய இணையவாசலில் மறுமுறை என்று இரண்டு தடவை தட்டச்சு செய்யும் பணியாளரின் நேரம் எந்த விற்பனையாளரின் விலைப்பட்டியலிலும் வராது. எந்தெந்தப் பேனல்களுக்கு மென்பொருளிலிருந்து நேரடியாக அனுப்ப முடியும், எவற்றுக்கு முடியாது என்பதை எழுத்தில் வாங்குங்கள். "விரைவில் வரும்" என்று சொல்வதை இல்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

நிரலர், பத்துமலை:

டாக்டருக்கும் அம்மாவுக்கும் வணக்கம். நான் மருத்துவமனை, கிளினிக் மென்பொருள்களை நிறுவி மாற்றியமைக்கும் வேலையில் இருப்பவன். எந்த நிறுவனத்துக்காகவும் பேசவில்லை. மருந்து மேசை அம்மா சொன்னதைப் படித்தால் மேல்நாட்டு மென்பொருள்களில் மருந்து கொடுக்கும் பகுதியே இருக்காது என்று தோன்றலாம்; அதற்கு ஒரு திருத்தம் மட்டும் தேவை. ஓப்பன்இஎம்ஆர் அமெரிக்கச் சூழலில் வளர்ந்ததுதான் என்றாலும், கிளினிக்குக்குள்ளேயே மருந்து கொடுப்பதற்கான வசதி அதில் இருக்கிறது. அமைப்புப் பக்கத்தில் அதை இயக்கிவிட்டால் தொகுதி எண், காலாவதித் தேதி ஆகியவற்றோடு கையிருப்பு வைக்கலாம். ஒரே மருந்துக்குப் பல விலை நிலைகளையும் வைக்கலாம். உரிமக் கட்டணம் கிடையாது, நிரல் முழுவதும் திறந்திருக்கிறது, பிஎச்பி மொழியும் மைஎஸ்க்யூஎல் தரவுத்தளமும் தெரிந்தவர்கள் நம் ஊரில் தாராளமாகக் கிடைப்பார்கள்.

இடர்ப்பாடு வேறு இடத்தில் இருக்கிறது. அதன் கட்டணப் பகுதி முழுவதும் அமெரிக்கக் காப்பீட்டு முறையை மனத்தில் வைத்துக் கட்டப்பட்டது. அந்த நாட்டுச் சிகிச்சைக் குறியீடுகளும் அந்த நாட்டுக் காப்பீட்டு நிறுவனங்களுக்கு அனுப்பும் கோப்பு வடிவமும் அதன் எலும்பிலேயே இருக்கின்றன. நம் பேனல் வரம்புகளையும், உள்நாட்டு வருமான வாரியத்துக்கு (வரித்துறை) விற்பனை விவரத்தை மின்வடிவில் அனுப்பும் மின்விலைப்பட்டியலையும், மைகாட் (தேசிய அடையாள அட்டை) வாசிப்பானையும் நீங்கள் எழுதித்தான் சேர்க்க வேண்டும். ஒருமுறை எழுதினால் போதாது. மூல மென்பொருள் புதிய பதிப்பு வெளியிடும் ஒவ்வொரு முறையும் உங்கள் மாற்றங்கள் அதோடு ஒத்துப்போகின்றனவா என்று யாராவது சோதித்துப் பார்க்க வேண்டும். உறவினர் மகன் திறமையானவராகவே இருக்கட்டும். அவருக்குச் சிங்கப்பூரில் வேலை கிடைத்த மாதத்திலிருந்து உங்கள் நிலை இப்போதுள்ள நிலைக்கே திரும்பிவிடும். திறமூலம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நிரலைத் தெரிந்த ஒருவர் மட்டும் இருக்கும்போது திறந்த நிரலும் மூடிய நிரலும் கிளினிக்குக்கு ஒன்றுதான்.

எதை மாற்றலாம் என்ற கேள்விக்கு என் வழக்கமான பதில் இதுதான். அமைப்புப் பக்கத்தில் தேர்வு செய்து மாற்றக்கூடியவற்றைத் தயங்காமல் மாற்றுங்கள்: தேதி வடிவம், நாணயம், எந்தப் பணியாளர் எதைப் பார்க்கலாம், பதிவுப் படிவத்தில் எந்தக் கட்டம் முதலில் வர வேண்டும் என்பவை அதில் அடங்கும். குறிப்பெழுதும் படிவங்களையும் அப்படியே உங்கள் விருப்பத்துக்கு அமைத்துக்கொள்ளலாம். மாத அறிக்கை, பேனல் நிலுவை, நெடுநாளாக வராத நீரிழிவு நோயாளிகள் போன்ற பட்டியல்களுக்காக மென்பொருளையே மாற்றச் சொல்லாதீர்கள். தரவுத்தளத்தைப் படிக்க மட்டும் அனுமதிக்கும் ஒரு கணக்கைக் கேட்டு வாங்கி, அந்தப் பட்டியல்களை வெளியே தயாரித்துக்கொண்டால், பதிப்பு மாறும்போது அதிகபட்சம் அறிக்கைதான் கெடும், கிளினிக் நிற்காது. மூல நிரலில் கைவைப்பது சட்டமோ பேனலோ கட்டாயப்படுத்தும்போது மட்டுமே.

ஒன்றைத் தேர்வின்போதே பார்த்துவிடுங்கள், ஏனென்றால் பிறகு மாற்ற முடியாது: பெயர்க் கட்டம். வெளிநாட்டு மென்பொருள்கள் முதற்பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டங்களைக் கட்டாயமாக்கி வைத்திருக்கும். நம்மவர்களுக்கு ஏ/எல் (மகன்), ஏ/பி (மகள்) போட்டுத் தகப்பனார் பெயர் வரும். மலாய்க்காரர்களுக்கு அதே பொருளில் "பின்", "பிந்தி" என்ற சொற்கள் வரும். சீனர்களுக்குக் குடும்பப் பெயர் முன்னால் வரும். நேபாளத் தொழிலாளரின் கடப்பிதழில் இருப்பது வேறு வரிசை. இரண்டாகப் பிரித்தே ஆக வேண்டும் என்றால், ஒரு பணியாளர் தகப்பனார் பெயரைக் குடும்பப் பெயராக இடுவார், இன்னொருவர் ஏ/எல்லையும் சேர்த்து முதற்பெயரில் இடுவார். தேடும்போது ஆள் கிடைக்காமல் இரண்டாவது பதிவு உருவாகும். ஒவ்வாமை முதல் பதிவில் இருக்கும், மருந்து இரண்டாவது பதிவில் எழுதப்படும். அடையாள அட்டையில் உள்ளபடி முழுப்பெயரையும் ஒரே கட்டத்தில் ஏற்கும் மென்பொருளைத் தேடுங்கள். திரையில் கட்டத்தின் தலைப்பை மாற்றுவது எளிது, தரவுத்தளத்தின் அடியில் இருப்பதை மாற்றுவது எளிதன்று.

அடையாள எண்ணும் அப்படியே. மைகாட்டின் 12 இலக்கங்களில் முதல் ஆறு பிறந்த தேதி, அடுத்த இரண்டு பிறந்த இடம் (பினாங்குக்கு 07, கோலாலம்பூருக்கு 14), கடைசி இலக்கம் ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டைப்படை என்றால் பெண். நல்ல உள்ளூர் மென்பொருள் அந்த எண்ணிலிருந்தே வயதையும் பாலினத்தையும் நிரப்பிவிடும். ஆனால் அந்த எண்ணையே நோயாளியின் முதன்மை அடையாளமாக வைத்திருந்தால் பட்டர்வொர்த்தில் சிக்கல் வரும்: வெளிநாட்டுத் தொழிலாளர் கடப்பிதழைப் புதுப்பித்தால் எண் மாறிவிடும், பிறந்த சில நாள் குழந்தைக்கு எண்ணே இருக்காது. மென்பொருள் தனக்கென ஓர் உள் எண்ணை வைத்துக்கொண்டு, மற்ற எண்களை அதன்கீழ் மாற்றிக்கொள்ளும் விவரங்களாகக் கருத வேண்டும்.

ஜெலுத்தோங்கின் முதியவர்களுக்குத் தமிழிலோ சீனத்திலோ மருந்து லேபிள் அடிக்க விரும்பினால், அதையும் உங்கள் லேபிள் அச்சுப்பொறியிலேயே அடித்துக் காட்டச் சொல்லுங்கள். வெப்ப அச்சுப்பொறிகள் பலவற்றின் உள்ளே இருக்கும் எழுத்துருக்களில் தமிழ் கிடையாது. லேபிளைப் படமாக மாற்றி அனுப்பினால் மட்டுமே எழுத்துகள் சரியாக விழும். திரையில் தமிழ் தெரிகிறது என்பதற்காக லேபிளிலும் வரும் என்று நம்பிவிட வேண்டாம்.

செராஸ் மருத்துவர்:

நிரலர் சொன்னதில் எனக்கு ஒரு மறுப்பு உண்டு. குறிப்பெழுதும் படிவங்களை விருப்பத்துக்கு அமைத்துக்கொள்ளலாம் என்று அவர் எளிதாகச் சொல்லிவிட்டார். தொழில்நுட்பத்தில் அது எளிதுதான். மருத்துவத்தில் அதுவே மிகுந்த கவனம் தேவைப்படும் இடம்.

முதலாவது, உங்கள் கிளினிக்கில் வார இறுதியிலும் விடுமுறையிலும் தற்காலிக மருத்துவர்கள் வந்து பார்ப்பார்கள் என்று நினைக்கிறேன். பெரும்பாலான கிளினிக்குகளில் அப்படித்தான். உங்களுக்கென்று நுணுக்கி அமைத்த படிவம் அவர்களுக்கு ஒரு புதிர். முதல் நோயாளி உள்ளே வருவதற்குள் அவர்கள் அதைப் புரிந்துகொள்ள வேண்டும். புரியாவிட்டால் எல்லாவற்றையும் குறிப்புக் கட்டத்தில் ஒரே வரியில் எழுதிவிட்டுப் போய்விடுவார்கள், நீங்கள் அமைத்த கட்டங்கள் எல்லாம் காலியாகக் கிடக்கும்.

இரண்டாவது, முன்கூட்டியே நிரப்பி வைக்கும் வாக்கியங்கள். காய்ச்சல் என்று தேர்ந்தெடுத்தவுடன் "தொண்டை இயல்பு, நெஞ்சு தெளிவு, வயிறு மென்மை" என்று தானாகவே வந்து விழும்படி அமைப்பதை வசதி என்று விற்கிறார்கள். நீங்கள் அன்று வயிற்றைத் தொட்டே பார்க்காமல் இருந்திருக்கலாம். கணினி உருவாக்கிய ஆவணங்களும் 1950ஆம் ஆண்டின் ஆதாரச் சட்டத்தின் 90ஏ பிரிவின்கீழ் நீதிமன்றத்தில் ஏற்கப்படும். நாற்பது நோயாளிகளுக்கும் ஒரே சொற்களில் ஒரே பரிசோதனை எழுதப்பட்டிருப்பதை எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அடுக்கிக் காட்டினால், உண்மையாகவே பரிசோதித்த நோயாளியின் குறிப்பும் மதிப்பிழந்துவிடும். ஆகவே கேள்விகளைப் படிவத்தில் வையுங்கள், பதில்களை வைக்காதீர்கள்.

படிவம் நன்மை செய்யும் இடங்களும் இருக்கின்றன. காய்ச்சல் நோயாளிக்கு இது எத்தனையாவது நாள், டெங்கி விரைவுச் சோதனை, இரத்தத் தட்டணுக்கள், ஹெமட்டோகிரிட் (இரத்தத்தில் சிவப்பணுக்களின் விழுக்காடு) ஆகிய கட்டங்கள் வரிசையாக நின்றால், நேற்று அந்த நோயாளியைப் பார்த்தவர் வேறொரு மருத்துவராக இருந்தாலும் இன்று எண்கள் எந்தப் பக்கம் போகின்றன என்று தெரிந்துவிடும். டெங்கியை 24 மணி நேரத்துக்குள் சுகாதார அலுவலகத்துக்கு அறிவிக்க வேண்டும் என்பதால், அந்த நோயைப் பதிந்தவுடன் ஒரு நினைவூட்டல் எழுவதும் நியாயமான மாற்றம். நீரிழிவுக்கு எச்பிஏ1சி (சில மாதச் சராசரி இரத்தச் சர்க்கரையைக் காட்டும் சோதனை), பாதம், கண், சிறுநீரகம் ஆகியவற்றைக் கடைசியாக எப்போது பார்த்தோம் என்று காட்டும் சிறு அட்டவணை போதும். இதற்கு மேல் கூட்டாதீர்கள்.

எச்சரிக்கைப் பெட்டிகளைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். மருந்துக்கும் மருந்துக்கும் இடையிலான எல்லா வினைகளையும் எச்சரிக்கும்படி விட்டால், காலை பத்து மணிக்குள் உங்கள் விரல் படிக்காமலே "சரி" என்று தட்டப் பழகிவிடும். பெனிசிலின் ஒவ்வாமை எச்சரிக்கையும் அதே வேகத்தில் தட்டப்பட்டுவிடும். ஒவ்வாமையும் கடுமையான வினைகளும் மட்டும் திரையை மறிக்கட்டும். மற்றவை ஓரத்தில் நிறம் மாறினால் போதும். எச்சரிக்கையின் அளவை இப்படி நாமே வைத்துக்கொள்ள முடியாத மென்பொருளை நான் வாங்க மாட்டேன்.

ஜெலுத்தோங் டாக்டர்:

மூவருக்கும் மிக்க நன்றி. மருந்து மேசை அம்மா சொன்ன சோதனையை இரண்டாவது நிறுவனத்தாரிடம் தொலைபேசியிலேயே விவரித்துக் கேட்டேன். ரசீதை ரத்துசெய்துவிட்டு மறுபடி எழுத வேண்டும் என்றுதான் பதில் வந்தது, வேண்டுமானால் கூடுதல் கட்டணத்துக்கு மாற்றித் தருவார்களாம். ஒப்பந்தம் முடிந்தால் எங்கள் தரவு எந்த வடிவத்தில் கிடைக்கும் என்று கேட்டதற்கு, அது தங்களுடைய வடிவத்தில் இருக்கும் என்று பொதுவாகச் சொல்லி விட்டுவிட்டார்கள். ஓப்பன்இஎம்ஆர் வழியை நானும் பங்குதாரரும் கைவிட்டுவிட்டோம். இணையவழிச் சந்தாவா, சொந்தச் சர்வரா என்பதும், ஒப்பந்தத்தில் எவற்றை எழுதி வாங்க வேண்டும் என்பதுமே இப்போது மிச்சமிருக்கும் கேள்விகள்.

ஒப்பந்தக்காரர், பங்சார்:

வணக்கம் டாக்டர். சிறு நிறுவனங்களின் கணினி ஒப்பந்தங்களையும் தரவுப் பாதுகாப்பையும் பார்க்கும் வேலை என்னுடையது. சர்வர் யார் வீட்டில் இருக்கிறது என்பதைவிட, பொறுப்பு யார் தலையில் இருக்கிறது என்பதை முதலில் புரிந்துகொள்ளுங்கள். 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் உடல்நலத் தகவல் நுண்ணுணர்வுத் தரவாகக் கருதப்படுகிறது. 2024இல் அது திருத்தப்பட்ட பிறகு, 2025 ஜூன் 1 முதல், தரவு கசிந்தால் தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையரிடம் 72 மணி நேரத்துக்குள் அறிவிக்க வேண்டும். 10,000 பேருக்கு மேற்பட்டோரின் நுண்ணுணர்வுத் தரவைக் கையாள்பவர்கள் தரவுப் பாதுகாப்பு அதிகாரி ஒருவரையும் நியமிக்க வேண்டும். இரண்டு கிளினிக்குகளின் பழைய அட்டைகளையும் கணினியில் ஏற்றினால் அந்த எண்ணிக்கையைத் தாண்டிவிடுவீர்கள் என்றே நினைக்கிறேன். விதிமீறலுக்கான அபராத உச்சம் 3 லட்சம் ரிங்கிட்டிலிருந்து 10 லட்சமாக உயர்ந்திருக்கிறது.

விற்பனையாளரும் இப்போது பாதுகாப்புக் கடமைக்கு நேரடியாக உட்பட்டவர்தான். ஆனால் அதனால் உங்கள் கடமை குறைந்துவிடாது. 2018இல் சிங்கப்பூரில் சிங்ஹெல்த் என்ற பொது மருத்துவமனைக் குழுமத்தின் தரவுகள் திருடப்பட்டு 15 லட்சம் நோயாளிகளின் விவரங்கள் போனபோது, கணினிகளை நிர்வகித்த நிறுவனத்துக்கு 7,50,000 சிங்கப்பூர் வெள்ளியும், தரவுக்கு உரிய சிங்ஹெல்த்துக்கு 2,50,000 வெள்ளியும் அபராதம் விதிக்கப்பட்டன. வேலையை ஒப்படைத்துவிட்டோம் என்று ஒதுங்க முடியாது என்பதற்கு அண்டை நாட்டுச் சான்று போதும்.

இந்தப் பின்னணியில் பார்த்தால், கணினிப் பராமரிப்புக்கென்று ஆள் இல்லாத இரண்டு கிளினிக்குகளுக்கு இணையவழிச் சந்தாவே பாதுகாப்பானது என்பது என் கருத்து. ஜெலுத்தோங்கில் இரத்த அழுத்த மருந்து வாங்குபவர் காய்ச்சலோடு பட்டர்வொர்த்துக்குப் போனாலும் பதிவு ஒன்றாகவே இருக்கும். இணையம் அறுந்தால் என்ன செய்வது என்பதற்கு மட்டும் விடை வேண்டும்: கைத்தொலைபேசி வழியாக மாற்று இணைப்பு, யுபிஎஸ் (மின்தடையின்போது கணினியைத் தாங்கும் மின்கலக் கருவி), அன்றைய நோயாளிகளின் ஒவ்வாமையையும் நடப்பு மருந்துகளையும் இணையமில்லாமலும் பார்க்கக்கூடிய ஏதாவது ஒரு வசதி. சொந்தச் சர்வர் வைத்தால் காப்புப்படியை வேறோர் இடத்தில் வைப்பதும், அதிலிருந்து உண்மையிலேயே மீட்க முடிகிறதா என்று அவ்வப்போது மீட்டுப் பார்ப்பதும் உங்கள் வேலையாகிவிடும். மேசைக்கடியில் உள்ள சர்வருக்கும் அதோடு செருகியே இருக்கும் காப்பு வட்டுக்கும், கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் பணயத் தீநிரல் வேறுபாடு பார்க்காது.

ஒப்பந்தத்தில் தரவு வெளியேற்றம் பற்றிய பிரிவு இல்லாமல் கையெழுத்திடாதீர்கள். நோயாளி விவரம், வருகை, நோய், மருந்து, ஒவ்வாமை, சோதனை முடிவு, கட்டணம் ஆகிய அனைத்தும் வேறு மென்பொருளிலும் திறக்கக்கூடிய சிஎஸ்வி போன்ற திறந்த வடிவத்தில், எந்தப் பத்தி எதைக் குறிக்கிறது என்ற விளக்கத்தோடு, எவ்வளவு கட்டணத்துக்கு எத்தனை நாளில் தரப்படும் என்று இருக்க வேண்டும். ஸ்கேன் செய்த படங்கள் எந்த நோயாளிக்கு உரியவை என்ற அட்டவணை இல்லாமல் வந்தால் அவை வெறும் கோப்புக் குவியல்தான். ஆண்டுக்கு ஒருமுறை இந்த வெளியேற்றத்தைக் கட்டணமின்றிச் செய்து காட்ட வேண்டும் என்றும் சேர்க்கலாம். பெரும்பாலானோர் ஒப்புக்கொள்வார்கள், ஒப்புக்கொள்ளாதவரைப் பற்றி நீங்கள் வேறெதுவும் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. மாற்றியமைப்புக்கு மணிக்கணக்கில் கட்டணமா, வேலைக்கணக்கில் கட்டணமா, அந்த மாற்றம் அடுத்த பதிப்பிலும் தொடருமா, சட்டம் மாறியதால் தேவைப்படும் மாற்றம் சந்தாவுக்குள் அடங்குமா என்பனவற்றையும் எழுதி வாங்குங்கள்.

கடைசியாகச் சொன்னது வெறும் சம்பிரதாயம் அன்று. ஆண்டு வருமானம் 10 லட்சம் முதல் 50 லட்சம் ரிங்கிட் வரை உள்ள தொழில்களுக்கு மின்விலைப்பட்டியல் 2026 ஜனவரி 1இல் தொடங்கியது. கையில் பணம் கொடுத்துவிட்டு மின்விலைப்பட்டியல் கேட்காமல் போகும் நோயாளிகளுக்கு மாத முடிவில் ஒரே தொகுப்பாக அனுப்பலாம். கேட்பவருக்கும் பேனல் நிறுவனங்களுக்கும் தனித்தனியே அனுப்ப வேண்டும். அதேபோல், 2025 ஜூலை 1 முதல் மலேசியக் குடிமக்கள் அல்லாதவர்களுக்கு அளிக்கும் தனியார் மருத்துவச் சேவைக்கு, ஆண்டில் 15 லட்சம் ரிங்கிட் வரம்பைத் தாண்டும் இடங்களில் 6 விழுக்காடு சேவை வரி உண்டு. உங்களுக்குப் பொருந்துமா என்று கணக்காளர் சொல்வார். பொருந்தினால், பதிவுப் படிவத்தில் குடியுரிமை என்ற கட்டத்தைக் காலியாக விட அனுமதிக்கும் மென்பொருள் உங்களை மாட்டிவிடும்.

மருந்து மேசை, செந்தூல்:

ஒப்பந்தக்காரர் ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். எல்லாப் பழைய அட்டைகளையும் ஏற்றிய பிறகுதான் தொடங்குவது என்று விற்பனையாளர் சொன்னால் சம்மதிக்காதீர்கள், டாக்டர். பல ஆண்டுகளாக வராதவர்களின் அட்டைகளைத் தட்டச்சு செய்வதற்குப் பணம் கொடுப்பது வீண். அவை உரிய காலம் வரை பெட்டியில் பத்திரமாக இருக்கட்டும். நோயாளி அடுத்த முறை வரும்போது ஒவ்வாமை, நாட்பட்ட நோய்கள், இப்போது எடுக்கும் மருந்துகள் ஆகிய மூன்றை மட்டும் அட்டையிலிருந்து ஏற்றுங்கள். அதை ஏற்றுபவர் யாராக இருந்தாலும், மருத்துவர் ஒருமுறை பார்த்து உறுதிசெய்யும் வரை அந்தப் பதிவு வேறு நிறத்தில் தெரிய வேண்டும் என்று கேளுங்கள்; பழைய அட்டையில் உள்ள கையெழுத்தை எல்லோராலும் படிக்க முடியாது.

ஜெலுத்தோங் டாக்டர்:

நம் கையெழுத்தைப் பற்றி அம்மா நாகரிகமாகச் சொல்லிவிட்டார்கள். சந்தா வழியையே எடுக்கிறோம், வெளியேற்றப் பிரிவை எழுதித் தந்தால். எந்தக் கிளினிக்கில் முதலில் தொடங்குவது என்பதில் மட்டும் எனக்கும் பங்குதாரருக்கும் கருத்து வேறுபாடு. பேனல் வேலை அதிகம் என்பதால் பட்டர்வொர்த்துக்குத்தான் அவசரம் என்கிறார் அவர்.

மருந்து மேசை, செந்தூல்:

அவசரம் பட்டர்வொர்த்துக்கு இருந்தாலும் ஜெலுத்தோங்கில் தொடங்குங்கள். கையில் பணம் கொடுப்பவர்களின் ரசீதில் பிழை வந்தால் அங்கேயே திருத்திவிடலாம். பேனல் கோரிக்கையில் பிழை வந்தால் அது திரும்பி வருவதற்குள் அந்த மாதக் கணக்கே முடிந்திருக்கும். கையிருப்பை எண்ணி ஏற்றும் வேலையையும் ஓரிடத்தில் செய்து பழகிக்கொண்டால் அடுத்த இடத்தில் விரைவாக முடியும். பட்டர்வொர்த்துக்கு மாறும்போது, முந்தைய மாதக் கோரிக்கைகள் அனைத்தையும் பழைய மென்பொருளிலேயே அனுப்பி முடித்துவிட்டு, மாதத்தின் இரண்டாவது வாரத்தில், திங்கட்கிழமையைத் தவிர்த்து ஒரு நாளைப் பாருங்கள். அன்று முகப்பில் ஒருவரைக் கூடுதலாக நிறுத்துங்கள், தற்காலிக மருத்துவரை அன்று போடாதீர்கள்.